ஓடுவதற்கும் பார்ப்பதற்கும் நடுவே ஒரு டைகர்

அலமாரியில் வைப்பதற்காகக் கட்டப்படும் பிளாஸ்டிக் மாடலுக்கு அழகாக இருப்பது ஒன்றே கடமை. ரேடியோ அலையால் இயங்கும் பந்தயக் காருக்கோ வேகமாக ஓடினால் போதும். அதன் மேல்மூடி மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வடித்த வெறும் முகமூடிதான் என்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. ரேடியோ கண்ட்ரோல் டாங்கி இரண்டு கடமைகளையும் சேர்த்துத் தலையில் சுமக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அசல் டாங்கியின் ஒவ்வொரு ஆணியும் அதில் இருக்கவேண்டும். தரையில் விட்டால் கல்லிலும் மணலிலும் ஏறி இறங்கவும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதே இல்லை என்பதும், பாகம் பாகமாக வரும் 'கிட்' பெட்டியைக் கட்டி முடிக்கும்வரை இவற்றுக்கிடையே பஞ்சாயத்து செய்வதுதான் நம் வேலை என்பதும் பெட்டியைத் திறந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

இந்தப் பஞ்சாயத்து நேற்று தொடங்கியதன்று. ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946-இல் மர வணிகமாகத் தொடங்கி, பிறகு மரத்தில் மாடல்கள் செய்து, அதன்பின் பிளாஸ்டிக்குக்கு மாறிய டாமியா நிறுவனம், 1960-களின் தொடக்கத்தில் மோட்டாரால் ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றை வெளியிட்டது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கவேண்டும் என்பதற்காக அதன் அளவைத் தீர்மானித்தார்கள். அப்படித் தற்செயலாக வந்த 1/35 என்ற விகிதம்தான் இன்று உலகம் முழுவதும் டாங்கி மாடல்களின் பொது அளவாக நிற்கிறது. மோட்டாரே இல்லாத மாடல்களைக் கட்டுபவர்களும் அந்தப் பேட்டரியின் நிழலில்தான் கட்டுகிறார்கள். அதே நிறுவனம் 1974-இல் தன் முதல் ரேடியோ கண்ட்ரோல் மாடலைக் கொண்டுவந்தபோது அது காராக இல்லாமல் டாங்கியாக, 1/16 அளவு லெபர்டாக இருந்தது. ரிசீவரும் இரண்டு மோட்டார்களும் அவற்றின் கியர்பாக்ஸ்களும் தாராளமாக அமர 1/16 இடம் கொடுக்கிறது. அதே சமயம் மேசையில் வைத்துக் கட்டும் அளவுக்குச் சிறியதாகவும் இருக்கிறது.

நான் கட்டியது 1/16 டைகர் 1, ஆரம்ப உற்பத்தி வகை. அசல் டைகரின் நீளம் பீரங்கிக் குழாயோடு சேர்த்து ஏறத்தாழ 8.45 மீட்டர், மாடலில் அது 53 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. நாஜி ஜெர்மனியின் போர் இயந்திரத்தை இவ்வளவு ஆசையாக உட்கார்ந்து கட்டலாமா என்று வீட்டிலேயே கேட்டார்கள். கேள்வி நியாயமானது. எனக்குக் கிடைத்த வழி, ஆங்கிலேயப் படையிடம் பிடிபட்ட டைகரைக் கட்டுவது. துனிசியாவில் 1943 ஏப்ரலில் கைப்பற்றப்பட்ட 131-ஆம் எண் டைகர் இங்கிலாந்தின் பவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல ஆண்டுச் சீரமைப்புக்குப் பிறகு இன்றும் சொந்தமாக ஓடுகிறது. 1,300-க்கும் சற்று அதிகமாகவே செய்யப்பட்ட ஒரு டாங்கி வகையில் விரல்விட்டு எண்ணத்தக்கவையே மிஞ்சியிருக்க, அவற்றுள் தோல்வியின் அடையாளமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கட்டுவது எனக்குச் சங்கடம் தரவில்லை.

பெட்டியைத் திறந்ததும் கண் போவது மேலுடலின் பெரிய பிளாஸ்டிக் பாகங்கள் மீதுதான். ஆனால் கை போகவேண்டியது எண்ணிட்ட சிறு பைகளில் இருக்கும் உலோகத்தின் மீது. திருகுகளின் நீளம் சில மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பல வகையாக இருக்கும் என்பதால், செய்முறைப் புத்தகத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் உண்மை அளவுப் படத்தின் மேல் திருகை வைத்துப் பார்த்த பிறகே முறுக்கவேண்டும். இங்கே ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஜப்பானியத் திருகுகளின் தலையில் இருக்கும் கூட்டல் குறி, நம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரின் முனையோடு முழுமையாகப் பொருந்தாது. ஒத்துப்போவதுபோல உள்ளே அமர்ந்து, கொஞ்சம் அழுத்தி முறுக்கும்போது நழுவி மேலேறி, தலையை வழித்துவிடும். ஜப்பானிய அளவிலான முனை உள்ள ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வாங்குவது, கிட்டுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. பிளாஸ்டிக்கில் மறுபடி முறுக்கவேண்டிய திருகு என்றால், முதலில் அதைத் தளர்த்தும் திசையில் மெதுவாகச் சுற்றிப் பழைய புரியில் 'டக்'கென்று விழுந்த பிறகே இறுக்கவேண்டும். இல்லையென்றால் திருகு தனக்கென்று புதிதாக ஒரு புரியை வெட்டிக்கொள்ளும், அந்தத் துளையின் ஆயுள் அதோடு முடியும்.

கியர்பாக்ஸ் இரண்டு, இடது சங்கிலிப்பட்டைக்கு ஒன்று, வலது பட்டைக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 380 வகைச் சிறு மோட்டார். மோட்டாரை முன்பின் நகர்த்திப் பொருத்த இடம் விட்டிருக்கும் கியர்பாக்ஸ்களில், மோட்டாரின் பிஞ்சுப் பற்சக்கரத்துக்கும் அடுத்த கியருக்கும் நடுவே ஒரு மெல்லிய தாள் துண்டைக் கொடுத்து இறுக்கிவிட்டு, பிறகு தாளைச் சுற்றி வெளியே எடுக்கவேண்டும். தாளின் தடிமன்தான் பற்களுக்குத் தேவையான இடைவெளி. தாள் கிழியாமல், ஒவ்வொரு பல்லும் பதிந்த தடத்தோடு வந்தால் அளவு சரி. கிரீஸைப் பற்களின் மேல் மட்டும் மெலிதாகத் தடவினால் போதும். அள்ளிப் பூசினால் அது வெளியே வழிந்து தூசியைச் சேர்த்து அரைக்கத் தொடங்கும். அச்சில் நிற்கும் தலையில்லாத சிறு திருகுகளுக்கு புரியைக் கழலாமல் பிடித்துக்கொள்ளும் 'திரெட்லாக்' திரவம் ஒரு சொட்டு அவசியம். டாங்கியின் அதிர்வில் எது கழன்றாலும் முதலில் கழல்வது அவைதான். மோட்டார் முனைகளில் பற்றவைக்கும் சின்ன செராமிக் கெபாசிட்டரை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. மோட்டாரின் கரித்துண்டுகள் எழுப்பும் மின்னிரைச்சல் ரிசீவரைக் குழப்பாமல் தடுப்பது அது.

இவை எல்லாம் எந்த ரேடியோ கண்ட்ரோல் வண்டிக்கும் பொருந்துபவை. டைகரை டைகராக்குவது அதன் சக்கர வரிசை. அசலில் பக்கத்துக்கு எட்டு அச்சுகள். ஆரம்ப வகையில் ஒவ்வோர் அச்சிலும் மூன்று ரப்பர் விளிம்புச் சக்கரங்கள். ஆக ஒரு பக்கத்துக்கு 24. அவை ஒன்றையொன்று ஊடுருவி, முன்னதன் ஓரம் பின்னதன் இடுக்கில் புகுந்து, சீட்டுக்கட்டை விரித்தாற்போல நிற்கும். 57 டன் எடையைப் பட்டையின் மீது பரவலாக இறக்கவும், மேடுபள்ளத்தில் குலுங்காமல் போகவும் இது நல்ல ஏற்பாடு. பராமரிப்புக்கோ சாபம், உள்வரிசையில் ஒரு சக்கரம் பழுதானால் அதை எட்டுவதற்கு வெளியே இருக்கும் பல சக்கரங்களைக் கழற்றவேண்டும். ரஷ்யக் குளிரில் இடுக்குகளில் சேர்ந்த சேறு இரவில் உறைந்து சக்கரங்களைப் பூட்டிவிடும். எடை தாங்காமல் ரப்பர் விளிம்புகள் கிழிந்துகொண்டே இருந்ததால் 1944-இல் அச்சுக்கு இரண்டு எஃகுச் சக்கரங்கள் என்று மாற்றிக்கொண்டார்கள்.

அந்தச் சாபம் 1/16 அளவிலும் அப்படியே சுருங்கி வந்து சேர்கிறது. உள்வரிசைச் சக்கரத்தைப் பொருத்தி, அதன் பூட்டைப் போட்டு, அடுத்த வரிசையைப் பொருத்திய பிறகு உள்ளே ஒன்று மட்டும் தடையில்லாமல் சுழலவில்லை என்று தெரியவந்தால், மேலே இருப்பவை அனைத்தையும் எடுத்துத்தான் ஆகவேண்டும். அதனால் ஒவ்வொரு சக்கரத்தையும் பொருத்தியவுடன் விரலால் சுண்டிப் பார்க்கும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது. நல்ல சக்கரம் சத்தமில்லாமல் சுழன்று, தயங்காமல் நிற்கும். பிளாஸ்டிக் பிசிறு உரசும் சக்கரம் நிற்கும் கணத்தில் சற்றே பின்வாங்கும். அந்தப் பின்வாங்கலைக் கண்டால், பாகங்களைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டிய இடத்தில் ஒரு முள் மிச்சமிருக்கிறது என்று பொருள்.

சக்கரங்களைத் தாங்கும் டார்ஷன் பார் அமைப்பிலும் அசல் வடிவமைப்பாளர்களின் தலைவலி தெரிகிறது. உடலின் அகலம் முழுவதும் குறுக்கே ஓடும் எஃகுத் தண்டு முறுக்கிக்கொள்வதன் மூலம் ஸ்பிரிங் வேலையைச் செய்கிறது. இரண்டு பக்கத் தண்டுகளும் ஒரே தரையில் அடுத்தடுத்துப் படுக்கவேண்டியிருப்பதால், ஒரு பக்கத்துச் சக்கரக் கைகள் முன்னோக்கியும் மறுபக்கத்தவை பின்னோக்கியும் நிற்கின்றன. டாங்கியை மல்லாத்திப் பார்க்காத வரை யாரும் கவனிக்காத இந்தச் சமச்சீரின்மையைக் கைகளால் கோத்துத் தெரிந்துகொள்வது, எந்தப் புத்தகப் படமும் தராத பாடம்.

அடுத்து சங்கிலிப்பட்டை. அசலில் பக்கத்துக்கு 96 கண்ணிகள்; 72.5 சென்டிமீட்டர் அகலம். மாடலில் நாலரை சென்டிமீட்டர். பட்டையை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் பார்வைக்கும் ஓட்டத்துக்கும் முதல் பெரிய சண்டை வருகிறது. டைகரின் புகைப்படங்களில் பட்டையின் மேல்வரிசை தன் கனத்தால் தொய்ந்து சக்கரங்களின் மேல் படிந்திருக்கும். அந்தத் தொய்வு இல்லாத டைகர் பொம்மைபோல இருக்கும். ஆனால் தளர்ந்த பட்டை, வண்டி பின்னால் வந்துகொண்டே திரும்பும்போது முன்பற்சக்கரத்தின் பல்லை விட்டு ஏறிக் கழன்றுவிடும். இறுக்கினாலோ மோட்டார் திணறி, பேட்டரி சீக்கிரம் தீர்ந்து, கியர்பாக்ஸ் அச்சைத் தாங்கும் வளையங்களான புஷ்கள் ஒரு பக்கமாகத் தேயும். பின்முனையில் மோட்டாரோடு இணையாமல் பட்டையைத் தாங்கிச் சுற்றும் ஐட்லர் சக்கரத்தை நகர்த்தி இந்த இறுக்கத்தைச் சரிசெய்யலாம். மேல்வரிசையின் நடுவே விரலால் தூக்கினால் சில மில்லிமீட்டர் எழும்பவேண்டும் என்ற அளவில் நான் நிறுத்திக்கொண்டேன். படத்தில் இருக்கும் தொய்வு இதில் வராது. பிளாஸ்டிக் பட்டைக்குத் தன் கனத்தால் தொய்யும் எடையே கிடையாது என்பதுதான் அடிப்படைக் காரணம். தனியாக விற்கும் உலோகப் பட்டை போட்டால் தொய்வு தானாக வரும். அதோடு கூடுதல் எடையும் வந்து கியர்பாக்ஸின் தலையில் விழும்.

மின்னணுப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பெரும்பாலும் பெட்டிகளைக் கம்பியால் இணைக்கும் வேலைதான். நான்கு சேனல் ரிமோட், 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி, இரண்டு மோட்டார்களையும் கலந்து இயக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, ஒலிக்கும் விளக்குக்கும் இன்னொன்று. ஆனால் அந்தக் கலவையின் தன்மை கவனிக்கத்தக்கது. ரிமோட்டின் குச்சியை முழுதாகத் தள்ளினாலும் டாங்கி பாய்ந்து கிளம்பாது. எஞ்சின் ஒலி முதலில் ஏறி, பிறகே உடல் நகரும். பீரங்கியைச் சுட்டால் பட்டைகள் ஒரு கணம் பின்னோக்கி இழுபட்டு, உடல் முழுவதும் பின்வாங்கி அமரும். குழாயின் உள்விட்டம் 88 மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஐந்தரை மில்லிமீட்டர். அதற்குள்தான் சுடும் ஒளிக்கான விளக்கு ஒளிந்திருக்கிறது. நின்ற இடத்திலேயே ஒரு பட்டையை முன்னும் மற்றதைப் பின்னும் ஓட்டிச் சுழல்வது மாடலின் விளையாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. அசல் டைகரும் அதைச் செய்யும். எட்டு முன்கியர்களும் சாதாரண வட்ட ஸ்டியரிங்கும் கொண்ட, தன் காலத்துக்கு மிக நவீனமான ஓட்டமைப்பு அதற்கு இருந்தது.

பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்பகுதியான டரட்டுக்கு மாடலில் ஓர் எல்லை உண்டு. விளக்குக்கும் குழாய் ஏற்ற இறக்கத்துக்குமான கம்பிகள் உடலிலிருந்து டரட் வளையத்தின் நடுவே மேலேறுகின்றன. அளவில்லாமல் சுற்றினால் அவை முறுக்கிக்கொள்ளும். அந்தக் கம்பிகளை வளையத்தின் பல்லில் சிக்காதபடி கட்டிக்கொண்டிருந்தபோது 131-ஆம் எண் டைகரின் கதைதான் நினைவில் ஓடியது. சர்ச்சில் டாங்கி ஒன்றின் குண்டு அதன் பீரங்கிக் குழாயின் அடிப்புறத்தில் பட்டுத் தெறித்து, டரட்டுக்கும் உடலுக்கும் இடையே ஆப்புபோல இறங்கிவிட்டது. சுழலாத டரட்டை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை என்று உள்ளே இருந்தவர்கள் இறங்கி ஓடிவிட்டார்கள். கவசம் துளைபடாமலே கைப்பற்றப்பட்டதால்தான் அது இன்று ஓடும் நிலையில் இருக்கிறது. மாடலில் அந்தக் காயங்களைச் சூடாக்கிய கத்தி முனையால் பதிக்கலாம். நான் குழாயின் அடியில் ஒரு சிறு பள்ளத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

துனிசியாவுக்குப் போன டைகர்களின் பின்புறத்தில் பாலைவனத் தூசியை வடிகட்ட ஃபைஃபெல் என்ற இரட்டை வடிகட்டிகள் இருந்தன. அவற்றிலிருந்து கிளம்பும் வளைகுழாய்கள் எஞ்சின் மேல்தளத்துக்கு ஏறும். பார்ப்பதற்கு மிக அழகான பகுதி. பேட்டரியை மாற்ற மேலுடலைத் திறக்கவேண்டிய டாங்கியில், ஒரு முனை பின்தகட்டிலும் மறுமுனை மேல்தளத்திலும் ஒட்டப்பட்ட குழாய் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. மேல்முனையை ஒட்டாமல், அதற்குள் ஒரு சிறு காந்தத்தைப் புதைத்து, தளத்தின் அடியில் இன்னொன்றை வைத்துப் பிடிக்கச் செய்தேன். கட்டும் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

வண்ணத்துக்கு வந்தால் நம் ஊர் குறுக்கே வந்து நிற்கிறது. அழுத்தம் நிரப்பிய ஸ்பிரே டப்பாக்கள் விமான அஞ்சலில் வராது. வந்த பெட்டிக்கே சுங்கத் தீர்வை கிட்டத்தட்ட இன்னொரு மாடலின் விலைக்கு வந்திருந்தது. ஆகவே கார்களுக்கு வண்ணம் கலக்கும் கடையில் மாதிரித் துண்டைக் காட்டி, பாலைவனப் பழுப்பைக் கலந்து வாங்கிக்கொண்டேன். லாக்கர் வகை வண்ணத்துக்குச் சென்னையின் ஈரக்காற்று ஆகாது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து, காய்ந்தபின் சாம்பல் பூத்ததுபோல வெளிறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் டப்பாவைத் தொடாமல், மாசி மாதத்து வெயில் ஏறிய காலை நேரத்துக்காகக் காத்திருப்பதே உத்தமம். எங்கே பூசுவது என்பதைப் போலவே எங்கே பூசக்கூடாது என்பதும் முக்கியம். கண்ணிகளின் ஊசித் துளைகளில், முன்பற்சக்கரத்தின் பல் பக்கங்களில், சக்கரங்கள் ஒன்றையொன்று கடக்கும் ஓரங்களில் வண்ணம் ஏறினால் முதல் ஓட்டத்திலேயே உரிந்து கியருக்குள் போகும். அந்த இடங்களை மறைத்து ஒட்டிவிட்டுத்தான் பூசவேண்டும். பிறகு ஓட ஓட உலோகம் பளபளத்து, மண் படிந்து, தானாக ஏறும் பழமை எந்தத் தூரிகையாலும் வராதது. அதனால்தான் நான் கீழ்ப்பகுதிக்குச் செயற்கைச் சேறு பூசவே இல்லை.

இவ்வளவும் முடிந்து ஓட்டிப் பார்க்கும்போது, எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ ஒன்று பொய்யாகத் தெரியும். அதன் காரணம் எடை. நீளம் பதினாறில் ஒன்றாகச் சுருங்கினால் கனஅளவும் எடையும் 4,096-இல் ஒன்றாகச் சுருங்கவேண்டும். 57 டன்னுக்கு அது ஏறத்தாழ 14 கிலோ. கிட்டைக் கட்டியபின் அதில் பாதிகூடத் தேறாது. ஆகவே ஒரு சுண்டைக்காய் அளவுக் கல்லின்மேல் ஏறினாலும் முன்பக்கம் துள்ளுகிறது. சக்கரக் கைகளோ உண்மையில் அமுங்கி எழாமல் விறைத்து நிற்கின்றன. உள்ளே ஈயத் துண்டுகளை வைத்து எடை கூட்டுபவர்கள் இருக்கிறார்கள். தாழ்வாகவும் நடுவிலும் வைத்தால் ஓட்டம் கண்கூடாகக் கம்பீரமாகிறது. ஆனால் 14 கிலோவை எட்ட முயன்றால் இந்தச் சிறு மோட்டார்கள் கருகும்.

எடையைச் சரிசெய்தாலும் காலத்தைச் சரிசெய்ய முடியாது என்பது இன்னும் சுவையான விஷயம். ஊசலின் நீளத்தைப் பதினாறில் ஒன்றாக்கினால் அது நான்கு மடங்கு வேகமாக ஆடும். அதே விதிப்படி மாடல் டாங்கியின் முன்பின் ஆட்டமும் அசலைவிட நான்கு மடங்கு துரிதமாக நடக்கிறது. வேகத்தை விகிதப்படி குறைத்து, அசலின் மணிக்கு 40 கிலோமீட்டரை இரண்டரையாக்கி, நடையைவிட மெதுவாக ஓட்டினாலும், பள்ளத்தில் இறங்கும் அந்த ஒரு நொடித் தலையசைப்பு இது சின்னது என்று காட்டிக்கொடுத்துவிடும். சினிமாவில் மினியேச்சர்களைப் படமெடுப்பவர்கள் கேமராவை வேகமாக ஓட்டி இதைச் சமாளித்தார்கள். 1/16-க்கு நொடிக்கு 24 சட்டகம் என்பதை 96 ஆக்கவேண்டும். இன்று கைப்பேசியில் 120 சட்டகத்தில் எடுக்கும் வசதி சாதாரணமாகக் கிடைக்கிறது. அப்படி எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால், மொட்டை மாடியில் ஒரு செங்கல்லைத் தாண்டும் டைகர் திடீரென்று டன் கணக்கில் எடை பெற்றுவிடுகிறது. மெதுவாக்கிய காட்சிக்காக, வேகத்தைப் பதினாறில் ஒன்றாக்காமல் நான்கில் ஒன்றாக்கி மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவுக்கு விடவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த வேகத்தை இந்த கியர்பாக்ஸ் தராது என்பதால், முழு வேகத்தில் ஓட்டினாலும் படத்தில் டைகர் ஊர்ந்துதான் வரும். சேற்று நிலத்தில் அசல் டைகர்களும் பெரும்பாலும் ஊர்ந்தன என்பதால் நான் இதைப் பொருட்படுத்தவில்லை.

கடற்கரைக்குக் கொண்டுபோகச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். உலர்ந்த கடல்மணல் நுண்ணியது, கியர்பாக்ஸின் புஷ்களுக்குள் புகுந்தால் உப்போடு சேர்ந்து தின்றுவிடும் என்பதால் அதற்கு நான் இசையவில்லை. ஆற்றுமணலும் செம்மண்ணும் பரவாயில்லை. ஓடி முடித்ததும் பழைய பல்துலக்கும் தூரிகையால் சக்கர இடுக்குகளைத் துடைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் கையால் பட்டையை ஒருமுறை சுற்றிப் பார்த்து, எங்காவது கரகரப்பு கேட்டால் வெளிவரிசையிலிருந்து கழற்றத் தொடங்கவேண்டும். அடுத்ததாக அச்சுகளின் புஷ்களை எடுத்துவிட்டு பால் பேரிங் போடுவதாக இருக்கிறேன். உலோகப் பட்டைக்கு அதற்குப் பிறகுதான் இடம்.